நீ என் கன்னத்தில் பிறக்கவில்லை

மகனே,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை தாயாக வாசித்தேன், அழுகை வந்தது. இரண்டாம் தடவை வாசகியாக வாசித்தேன், அடைமொழிகளில் பாதியை அடித்துவிடலாம் என்று தோன்றியது. "எங்கள் குடும்ப இரத்தத்தில் ஓடும் நஞ்சை, ஒரு பாவமும் அறியாத பெண்ணின் வாழ்வில் கலக்க என் மனச்சாட்சி இடம் தரவில்லை" என்று எழுதியிருக்கிறாய். நல்ல வாக்கியம். மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள். ஒரே குறை, அது உண்மையில்லை. உன் அப்பா வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "பெடியன் படிச்சவன், யோசிச்சுத்தான் எழுதியிருப்பான்" என்றார். படித்தவர்கள் யோசிக்காமல் எழுதியவைதான் நம் வீட்டு அலமாரி முழுவதும் இருக்கின்றன என்று நான் சொன்னேன். அடுத்த மாதம் உனக்குக் கலியாணம். பந்தல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது. கதிரவேலர் வீட்டுக்குப் போய், அவர் மகள் இராசம்மாவை நீ கட்டப்போவதில்லை என்று பக்குவமாகச் சொல்லிவிட்டு வரும்படி என்னைக் கேட்டிருக்கிறாய். போவதா வேண்டாமா என்று முடிவு செய்யுமுன் உனக்கு இதை எழுத வேண்டும் என்று பட்டது. சாப்பிட்டுவிட்டு வாசி. பசியோடு இருப்பவர்கள் தியாகம் செய்யச் சீக்கிரம் துணிந்துவிடுவார்கள்.

உன் கணக்கு இதுதான். உன் மாமா வாயில் புற்று வந்து செத்தார். இப்போது உன் அம்மாவுக்கும் வாயில் புற்று வந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள். அண்ணன், தங்கை. ஆகவே இரத்தம். ஆகவே நாளை உனக்கும், உன் பிள்ளைகளுக்கும். உன் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒருவரும் இது பரம்பரை நோய் என்று சொன்னாராம். உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. வேலையில்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோதுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது.

மாமாவை உனக்கு நன்றாகத் தெரியும். சிராங்கூன் ரோட்டில் யாழ்ப்பாணப் புகையிலையும் சுருட்டும் விற்றவர். ஊரிலிருந்து கப்பலில் வந்து சேரும் சிப்பத்தை அவர் பிரிக்கும்போது, கோயிலில் திரை விலகினது போல நாலு பேர் சுற்றி நிற்பார்கள். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ரேஸ்கோர்ஸ் ரோட்டு வீட்டுக்கு வருவார். சாப்பாடு முடிந்ததும் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வெற்றிலை போடுவோம். தேக்காச் சந்தையில் வாங்கிய வெற்றிலை, சுண்ணாம்புக் கம்பம் குடியிருப்புச் சூளையில் நீற்றிய சுண்ணாம்பு, மலாய்க்காரி கொண்டு வரும் கம்பிர் என்ற காசுக்கட்டி, அவர் கடைப் புகையிலை. மென்று முடித்தால் துப்புவது ஊர் வழக்கம். நாங்கள் துப்ப மாட்டோம். உருண்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அப்படியே சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம் போடுவோம். எடுத்துவிட்டுப் படுக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும், நல்ல புகையிலையை வீணாக்குவதா என்று விட்டிருப்போம். மாமாவுக்கு இடது பக்கக் கடைவாய்ப் பற்கள் போய்விட்டன, ஆகவே அவர் வலது கன்னத்தில் வைப்பார். எனக்கு வலது பக்கம் பல் உடைந்திருந்தது, நான் இடது கன்னத்தில் வைப்பேன். கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கிறது என்று நீ சின்ன வயதில் சிரிப்பாய்.

மாமாவுக்குப் புற்று வந்தது வலது கன்னத்தில். எனக்கு வந்தது இடது கன்னத்தில். இரத்தம் இரண்டு கன்னத்துக்கும் ஒரே மாதிரித்தான் ஓடுகிறது, மகனே. முழங்காலுக்கும் ஓடுகிறது. நோய் இரத்தத்தில் இருந்தால், அவர் எந்தப் பக்கம் ஒதுக்கினார், நான் எந்தப் பக்கம் ஒதுக்கினேன் என்ற விவரம் அதற்கு எப்படித் தெரிந்தது?

இந்தக் கேள்வியை டாக்டரிடம் கேட்டேன். அவர் சீமையிலிருந்து புதிதாக வந்தவர். நோயாளிகளை விட நோய்களோடு பேசப் பிரியப்படுகிறவர். எனக்கு இங்கிலீசு தெரியும் என்பது உன் அப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் ஆஸ்பத்திரியில் காயங்களுக்கு மருந்து கட்டும் டிரெசர் என்ற முறையில், டாக்டர் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்வது தன் கடமை என்று நடுவில் நின்றார். டாக்டர் நெடுநேரம் பேசினார். அப்பா என்னைப் பார்த்து, "சும்மா ஒரு கட்டிதானாம். வெட்டியாச்சாம்" என்றார்.

"கழுத்து எண்டு ஒரு சொல் சொன்னவரே, அதை எங்க விட்டிட்டியள்?"

"அது பொதுவாச் சொன்னவர்."

"என்ர கழுத்தைத் தடவிப் பார்த்துப்போட்டுப் பொதுவாச் சொன்னவரோ?"

எனக்கு இங்கிலீசு விளங்குகிறது என்று தெரிந்ததும் டாக்டர் சிரித்துவிட்டார். வெட்டி எடுத்ததை நான் பார்க்கலாமா என்று கேட்டேன். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று சொல்லி, பெண் பார்க்க வந்தவர்களுக்கு மகளின் தையல் வேலையைக் காட்டும் தகப்பன் போல, அவ்வளவு சந்தோஷமாக என்னைப் பூதக்கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போனார்.

கண்ணாடித் துண்டில் ஊதாச் சாயம் ஏற்றி ஒட்டியிருந்தது என் கன்னம். முதலில் நல்ல பாகத்தைக் காட்டினார். உயிரணுக்கள் ஓடு வேய்ந்தது போல வரிசை வரிசையாக இருந்தன. அடி வரிசையில் இருப்பவை இரண்டாகப் பிரியும். புதிதாகப் பிறந்தது மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, கடைசியில் உதிர்ந்துபோகும். ஒன்று உதிர்ந்தால் ஒன்று பிறக்கும், கூடுதலாக ஒன்றும் பிறக்காது. அரசாங்க அலுவலகங்களில் கூட இவ்வளவு ஒழுங்கை நான் கண்டதில்லை. பிறகு கண்ணாடித் துண்டைச் சற்று நகர்த்தினார். ஓட்டு வரிசை குலைந்தது. பெரிதும் சிறிதுமாக, மேலே போக வேண்டியவை கீழே இறங்கி, அடித்தளத்தை உடைத்துக்கொண்டு சதைக்குள் போய்க்கொண்டிருந்தன. இது வெளியிலிருந்து வந்த பூச்சியா என்று கேட்டேன். இல்லை, இது நீங்கள்தான் என்றார் டாக்டர். என் சொந்த உயிரணு ஒன்று கட்டுப்பாட்டை விட்டுப் பிரியத் தொடங்கி, அதன் சந்ததிதான் இவ்வளவும். வாழ்நாள் முழுக்கப் பிறரைக் கேலி செய்தே காலம் கழித்த எனக்கு, என் கன்னத்தின் ஒரு மூலையில் என் பேச்சையே கேட்காத ஒரு கூட்டம் குடியேறியிருந்தது தெரியவில்லை.

அது எப்படிக் கெட்டுப்போனது என்பதுதான் உனக்கு முக்கியம், கவனமாகக் கேள். ஒவ்வொரு உயிரணுவின் நடுவிலும் சாயம் பிடிக்கிற சின்னச் சின்ன நூல் துண்டுகள் இருக்கின்றன. அந்த அணு எப்படி நடக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று தலைமுறையாக வந்த முதுசமெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறார்களாம். அணு பிரியும்போது நூல்கள் சரிபாதியாகி, இரண்டு பக்கமும் ஒழுங்காகப் போகும். இரண்டு நல்ல சகோதரர்கள் காணி பிரித்தது போல. என் கட்டியில் டாக்டர் காட்டிய ஓர் அணுவில் நூல்கள் மூன்று பக்கம் இழுபட்டுக்கொண்டிருந்தன. ஒரு பக்கத்துக்குக் கூட, ஒரு பக்கத்துக்குக் குறைய, ஒரு துண்டு நடுவில் அநாதையாக. நம் ஊர்க் காணி வழக்கு ஒன்றை அப்படியே சாயம் போட்டு ஒட்டியது போல இருந்தது. இப்படிக் கோணலாகப் பங்கு கிடைத்தவற்றில் பெரும்பாலானவை பிழைக்காமல் செத்துவிடும். ஏதோ ஒன்றுக்கு மட்டும், நிறுத்து என்று சொல்கிற பாகம் கைக்கு வராமல், வளர் என்று சொல்கிற பாகம் மட்டும் வந்து சேரும். அது வளரும். அதன் பிள்ளைகளும் அந்தக் கோணல் பங்கைத்தான் பிரித்துக்கொள்ளும். கடலில் கிடக்கும் முள்ளுருண்டைப் பிராணியின் முட்டைகளைப் பார்த்து இந்த யோசனையைச் சொன்னவர் ஒரு ஜெர்மன்காரராம். அந்த நாட்டோடு சண்டை நடக்கிற நேரமாதலால் அதைச் சொல்லும்போது டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

இனிச் சொல்லப்போவது டாக்டர் சொன்னதல்ல, என் யோசனை. நீ காணிக் கந்தோரில் உட்கார்ந்து உறுதிப் பத்திரங்களை நகல் எடுக்கிறவன். ஒரு நகலில் ஓர் எல்லை தவறினால், அதைப் பார்த்து எழுதும் அடுத்த நகலிலும் தவறும், அதோடு புதிதாக ஒன்றும் சேரும். நாளுக்கு ஒரு நகல் எடுப்பவனை விட, மூச்சு விடாமல் நகல் எடுப்பவனிடம்தான் பிழை மலியும். சுண்ணாம்பும் புகையிலையும் என் கன்னத்தைத் தினமும் புண்ணாக்கின. கன்னம் தினமும் தன்னைத் தைத்துக்கொண்டது. தைக்க வேண்டுமானால் புது அணுக்கள் வேண்டும், அதாவது நகல், நகலின் நகல். ஒரு பிழை போதாது போலிருக்கிறது. போதுமானால் நம் சாதிசனத்தில் யாருக்கும் கன்னம் மிஞ்சியிராது. பிழை மேல் பிழை வருஷக்கணக்காகச் சேர வேண்டும். நாங்கள் அதற்கு வேண்டிய அவகாசத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு தாராளமாகக் கொடுத்தோம்.

ஆகவே பிழை நடந்த இடம் என் இடது கன்னம். நடந்த காலம், நீ பிறந்து வளர்ந்து மீசை வைத்த பிறகு. நீ என் கன்னத்தில் பிறக்கவில்லை. என் கன்னத்தில் கெட்டது உன்னிடம் வந்து சேர வழியே இல்லை. மாமாவிடமிருந்தும் எனக்கு வரவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது இரத்தம் மட்டுமல்ல, ஒரு பித்தளை வெற்றிலைப் பெட்டி. சில குடும்பங்களில் சில புற்றுகள் கூடுதலாக வருவது போலத் தெரிகிறது, ஏன் என்று இன்னும் யாருக்கும் தெரியாது என்று டாக்டர் சொன்னார். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல உன் பக்கத்து மேசைக்காரர் இருக்கிறாரே.

மாமா ஏன் செத்தார், நான் ஏன் இருந்து எழுதுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். புற்று இருந்த இடத்திலேயே இருந்தால் வெட்டி எறிந்துவிடலாம். அது பயணம் போகும். உடம்பில் இரத்தம் தவிரத் தெளிந்த நீர் ஒன்றும் ஓடுகிறது. கட்டியிலிருந்து கழன்ற அணுக்கள் அந்த நீரில் இறங்கி, தாடைக்குக் கீழே நெறி கட்டும் இடங்களில் முதலில் கரையேறுமாம். போய்ச் சேர்ந்தவை எல்லாம் பிழைப்பதில்லை. எந்த மண் ஒத்துக்கொள்கிறதோ அங்கேதான் வேர் பிடிக்கும். பிடித்துவிட்டால் கழுத்துக்குள் கழுத்தைக் கட்டாது, தான் விட்டு வந்த கன்னத்தையே கட்டும். இதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நம் ஆட்களும் கப்பலிலிருந்து இறங்கின இடத்திலெல்லாம் முதலில் ஒரு வேலி, பிறகு ஒரு சங்கம், பிறகு அந்தச் சங்கத்தில் ஒரு பிளவு என்று விட்டு வந்த ஊரையே கட்டுகிறோம். மாமா அது பல்வலி என்று சொல்லிச் சொல்லி, வாய் திறக்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்போது கழுத்தில் இரண்டாவது ஊர் எழும்பியிருந்தது. நான் அவரைப் பார்த்திருந்ததால், கன்னத்தில் ஒரு கரடு நாக்குக்குத் தட்டுப்பட்ட அன்றே அப்பாவிடம் வாயைத் திறந்து காட்டினேன். கன்னத்தோடு கழுத்து நெறிகளையும் எடுத்துவிட்டார்கள். அவற்றில் ஒன்றும் குடியேறவில்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்னார். இப்போது சிரித்தால் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது. அதனால் நான் எதையும் நம்பாதவள் போலத் தெரிகிறதாம். புதிதாக ஒன்றுமில்லை.

இனிச் சம்பந்தி வீட்டார் வந்த நாள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று அப்பா உனக்கு ஒரு வரி எழுதியிருந்தார். நடந்தது அதைவிடக் கொஞ்சம் அதிகம். கதிரவேலரும் மனைவியும் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். பெண் வீட்டார் நீட்டும் வெற்றிலையை மாப்பிள்ளையின் தாய் எடுத்து வாயில் போட்டால் சம்மதம், போடாவிட்டால் இல்லை. ஊருக்கே தெரிந்த வழக்கம். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்துவிட்டு வந்த எனக்கு, அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு இருந்தால் போதும் என்று ஒரு நினைப்பு. போதவில்லை. கதிரவேலர் தலைமைக் கிளாக்கர், கையெழுத்தில்லாத காகிதத்தைப் பார்ப்பது போல என் கையைப் பார்த்தார்.

"போடுங்கோ, சம்பந்தி."

"பிறகு போடுறன்."

"ஏதும் மனக்குறை எண்டால் நேராச் சொல்லலாம். எங்கட பிள்ளையில என்ன குறை கண்டியள்?"

அவர் மனைவிக்குக் கோபம் கண்ணில் வந்துவிட்டது. வாயில் இடமில்லை, அங்கே ஏற்கனவே ஓர் உருண்டை இருந்தது. அந்த அம்மாள் எழுந்தார். "இருங்கோ, இருங்கோ, அவவுக்கு வாயில..." என்று தொடங்கிய உன் அப்பா, நல்ல காரியம் பேசும் நேரத்தில் புற்று என்ற சொல்லைச் சொல்லலாமா என்று யோசித்து அப்படியே நின்றார். அவர்கள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். வேறு வழியில்லாமல் நான் சன்னல் வெளிச்சத்தில் போய் நின்று வாயைத் திறந்து காட்டினேன்.

கதிரவேலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி கிட்ட வந்து பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு படிக்கத்தைத் தேடி, முழு உருண்டையையும் துப்பிவிட்டு, "அண்ணை, என்ர வாயையும் ஒருக்காப் பாருங்கோ. ஒரு பக்கம் காரம் பட்டால் எரியுது" என்று உன் அப்பாவிடம் சொன்னார். நிச்சயம் பண்ண வந்த இடத்தில், நல்ல நேரம் கழியுமுன் சம்பந்தியின் கடைவாயைப் பரிசோதித்த மாப்பிள்ளை வீட்டார் இந்தச் சிங்கப்பூரிலேயே நாங்களாகத்தான் இருப்போம். வலது கன்னத்தில், பால் ஏடு படிந்தது போல வெள்ளையாக ஒரு தடம் இருந்தது. மறுநாள் டாக்டர் பார்த்தார். இது இன்னும் புற்றில்லை, ஆனால் அந்த வழியில் வைத்த கால், வெற்றிலையை விட்டால் திரும்பக்கூடும் என்றாராம். விட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறாராம், அதற்கும் நான்தான் காரணமாம். இதில் உனக்கு வேண்டியது ஒன்றுதான். அவருக்கும் எனக்கும் எத்தனை தலைமுறை போனாலும் உறவில்லை. பொருத்தம் பார்த்தபோது அதைத் துருவித் துருவி விசாரித்தாகிவிட்டது. ஆனால் அவர் புகையிலை வாங்கியது உன் மாமா கடையில்.

உன் கடிதம் வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை இராசம்மா எனக்கு இடியப்பம் கொண்டு வந்தாள். கடினமானது எதையும் என்னால் மெல்ல முடியாது என்று அவளாகவே யோசித்துக் கொண்டு வருகிறாள். கதிரவேலரிடம் சொல்லச் சொன்னதை அவளிடமே சொன்னேன். உன் வாக்கியத்தையும் அடைமொழி குறையாமல் சொன்னேன். இடியப்பப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மாமி, அவர் எந்தப் பக்கக் கன்னத்தில ஒதுக்கிறவர்?"

"அவன் வெத்திலையே போடுறதில்லைப் பிள்ளை. சுருட்டும் இல்லை."

"அப்ப இந்தப் புத்து வருத்தம் வந்து எதில குந்தப்போகுதாம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி, "என்னை விருப்பமில்லையெண்டால் அதை நேராச் சொல்லச் சொல்லுங்கோ, மாமி. உங்கட வருத்தத்தைச் சாட்டாமல்" என்றாள். தன் அம்மாவின் கன்னம் வெள்ளையாக இருப்பதைக் கேட்டு நாள் முழுக்க அழுதவள், இதைச் சொல்லும்போது அழவில்லை.

அதையே நானும் கேட்கிறேன். அவளைப் பிடிக்கவில்லை என்றால் ஒரு வரி எழுது. நான் போய்ச் சொல்கிறேன், கதிரவேலர் ஏசுவதையும் வாங்கிக்கொள்கிறேன். பிடித்திருந்தால், பயத்துக்குத் தியாகம் என்று பெயர் வைத்து என் கன்னத்துக்குப் பின்னால் ஒளியாதே. அங்கே இப்போது இடமில்லை, டாக்டர் எடுத்துவிட்டார்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுத மாட்டேன், அது பொய்யாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஓர் அணு எங்காவது கரையேறிக் காத்திருக்கலாம். டாக்டரும் இல்லையென்று சொல்லவில்லை. சனிக்கிழமை தோறும் உன் அப்பா என்னைச் சன்னலருகே உட்கார வைத்து, தாடைக்குக் கீழே விரல்களால் மெல்லத் தடவிப் பார்க்கிறார். கலியாணமாகி இத்தனை காலத்தில் என் கழுத்தை அவர் இவ்வளவு கவனமாகத் தொட்டதில்லை. அவர் "ஒண்டுமில்லை" என்று சொன்னதும் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன், அவர் பத்திரிகையை எடுத்துவிடுவார். அவ்வளவுதான். நன்றாகவே இருக்கிறோம். அது திரும்பி வந்தால் வரட்டும். வரும்போது இந்த வீட்டில் நான் சண்டை பிடிக்க ஒரு மருமகள் இருக்க வேண்டும், அந்த மருமகள் வாய் உள்ளவளாக இருக்க வேண்டும். இருக்கிறாள்.

கலியாணத் தட்டில் வெற்றிலை இருக்கும், அது இல்லாமல் முடியாது. தட்டோடு இருக்கட்டும் என்று இரண்டு சம்பந்திகளும் பேசி வைத்திருக்கிறோம். பித்தளைப் பெட்டியைக் கழுவி ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறேன். நீ ரயிலில் வந்து ஜோகூரில் இறங்கிப் படகேறு, சிங்கப்பூர்க் கரையில் அப்பா நிற்பார். உன்னைக் கண்டதும் அவர் முதலில் வாயைத் திறக்கச் சொல்லுவார். திற. அவர் பார்த்து முடித்ததும் மூடிக்கொண்டு, வந்து மாலையைப் போடு.

உன் அம்மா,
இரண்டு கன்னமும் சமமில்லாதவள்